இரண்டு தாளிலும் ஒரே எண்

லீவில் வருகிற பட்டாளத்தான் நாலு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவான், ஓசூருக்குப் போய்த் துணிமணி எடுப்பான், டீக்கடையில் உட்கார்ந்து எல்லைக் கதை அளப்பான். ராஜசேகர் தூங்கினான். பாகலூருக்கு வந்த பன்னிரண்டு நாளில் அவன் செய்த காரியம் அது ஒன்றுதான். அதுவும் நல்ல தூக்கமா என்றால் இல்லை. கண்ணை மூடினால் எண்கள் ஓடும். அரை மணிக்கு ஒருதரம் திடுக்கிட்டு எழுந்து, எதையோ எழுத மறந்துவிட்டவனாகப் பாய் ஓரத்தில் பென்சிலைத் தேடுவான். காத்து கருப்பு ஏதோ அண்டிவிட்டது என்று அவன் அம்மா செல்லி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. பதினாறரை வருஷம் பீரங்கிக்குக் கணக்குப் போட்ட களைப்பு. அதன்மேல், போன மாதம் நடந்த ஒரு காரியம்.

பீரங்கிப் படை என்றால் எல்லாரும் குண்டு போடுகிறவர்கள் என்றுதான் ஊரில் நினைப்பு. ராஜசேகர் ஹவில்தார் ஆன பிறகும் சரி, ஆவதற்கு முன்னாலும் சரி, சண்டைக்கென்று ஒரு குண்டைக் கையால் தொட்டதில்லை. பீரங்கிகளுக்குப் பின்னால் ஒரு கூடாரம் இருக்கும். அதில் உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான் அவன் வேலை. தூரத்தில் குன்றின் மேல் நிற்கிற ஆள், இலக்கு எங்கே இருக்கிறது என்பதை வரைபட எண்ணாக ரேடியோவில் சொல்வான். காற்று எப்படி அடிக்கிறது, வெடிமருந்து எவ்வளவு சூடாக இருக்கிறது என்றெல்லாம் பார்த்து, பீரங்கியை எந்தத் திசைக்குத் திருப்ப வேண்டும், எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கூடாரத்துக்காரர்கள் எண்ணாகச் சொல்ல வேண்டும். குண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். அது விழுந்த இடத்தை அவன் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

அங்கே சில வழக்கங்கள் உண்டு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ரேடியோவில் எதைக் கேட்டாலும் கேட்டவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவன் 'சரி' என்ற பிறகுதான் அது கணக்கில் சேரும். இன்னொன்று, ஒரே கணக்கை இரண்டு பேர் போட வேண்டும். ஒருவன் கம்ப்யூட்டரில் போடுவான். மற்றவன் வரைபடத்தை விரித்து, அளவுகோலும் அட்டவணையும் வைத்துக்கொண்டு கையால் போடுவான். ஒருவன் தாளை மற்றவன் எட்டிப் பார்க்கக் கூடாது. ரேடியோவில் வருகிற எண்ணைக்கூட அவரவர் காதால் கேட்டு அவரவர் எழுத வேண்டும். கடைசியில்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள்.

போன மாதம் ஒரு பாலைவனச் சுடுகளத்தில் நாலு நாள் பயிற்சி. மூன்றாம் நாள் மத்தியானம் வரைக்கும் சேர்த்துப் பார்த்தால் ராஜசேகர் மூன்று மணி நேரம் தூங்கியிருப்பான். கம்ப்யூட்டரில் அழகர்சாமி, உசிலம்பட்டிக்காரன், ஆறு வருஷமாக ராஜசேகருக்குப் பக்கத்தில் உட்கார்கிறவன், ஒரு நாளும் தப்பு விடாதவன். அந்த நம்பிக்கைதான் வினையாயிற்று. ரேடியோ கரகரத்ததுவரை ராஜசேகருக்கு நினைவிருக்கிறது. அப்புறம் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது அழகர்சாமியின் திரையில் எண்கள் வந்து நின்றன, வெளியே எல்லாரும் காத்திருந்தார்கள். அழகர்சாமி கவனிக்காதபடி ராஜசேகர் திரையைப் பார்த்தான். இலக்கின் எண், திசை, உயரம் எல்லாவற்றையும் அப்படியே தன் தாளில் எழுதினான். இரண்டு தாளும் ஒத்துப்போயின. சுட்டார்கள்.

குண்டு தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி விழுந்தது. அங்கே நின்ற தண்ணீர் வண்டி சல்லடையாகிப் போனது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு சமையல்காரர்கள் அதன் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

விசாரணை வைத்தார்கள். குன்றின் மேல் நின்றவன் திருமலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம், பட்டாளத்துக்கு வந்து மூன்று வருஷம். நானூற்று எழுபத்தெட்டு என்றுதான் சொன்னேன், திரும்பக் கேட்டதும் அதேதான் என்றான். கூடாரத்தின் இரண்டு தாளிலும் நானூற்று எண்பத்தேழு என்று இருந்தது. வரைபடத்தில் ஓர் எண்ணுக்கு நூறு மீட்டர். அழகர்சாமியின் காதில் மாறி விழுந்ததா, விரல் மாற்றி அடித்ததா, இல்லை திருமலையே மாற்றிச் சொன்னானா? அழகர்சாமி திரையில் இருப்பதைத்தான் கேட்டேன், அதையேதான் திருப்பிச் சொன்னேன் என்று சத்தியம் செய்தான். அவன் அதை உண்மையாகவே நம்பினான். தனித்தனியாகக் கேட்டு எழுதிய இரண்டு பேரும் ஒன்றையே எழுதியிருந்தால் சொன்னவன்தான் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். மேஜர் அப்படித்தான் சொன்னார். யார்தான் வேறு மாதிரி சொல்வார்கள்?

ராஜசேகர் வாயைத் திறக்கவில்லை. இன்னும் நாலு மாதத்தில் அவனுக்கு டிஸ்சார்ஜ். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தைக்கு நல்ல வார்த்தை இருந்தால் போதும் என்றிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் டிஸ்சார்ஜ் நிற்கும், தோளில் இருக்கிற பட்டை போகும், அதற்குமேல் என்னவென்று யாருக்கும் தெரியாது. முன்பே எழுதிக் கொடுத்த லீவு. போய்விட்டு வா, வரும்போது வாக்குமூலத்தை எழுதி எடுத்து வா என்று அனுப்பிவிட்டார்கள். திருமலை என்ன சொன்னான் என்பது தனக்கு உண்மையிலேயே தெரியாதே, அவன் தப்பாகவும் சொல்லியிருக்கலாமே என்று ராஜசேகர் தனக்குத்தானே பன்னிரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மருந்து அரை மணி நேரத்துக்குமேல் வேலை செய்யவில்லை.

புதன்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர், கையில் கனத்த பையோடு வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். பெயர் நாராயணப்பன், திருமலையின் அப்பா. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் நாலு ஏக்கரில் ராகியும் அவரைக்காயும் போட்டிருப்பவர். செல்லி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றாள். இந்த மாதிரி ஆட்களின் வயலில் காலமெல்லாம் களையெடுத்த உடம்பு. மகன் ஹவில்தார் என்றாலும் அவர்கள் எதிரில் சட்டென்று உட்கார வருவதில்லை. நாராயணப்பனோ எதையும் கவனிக்கவில்லை. வாங்கிய டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்கதையெல்லாம் பேசவில்லை அவர். நேராக விஷயத்துக்கு வந்தார். பையன் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, சரியாகத்தான் சொன்னேன் என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறான், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போனைக் கையில் கொடுக்கிறார்கள், அந்தப் பத்து நிமிஷமும் அழுகை என்றார்.

"அவன் பொய் சொல்றவன் இல்ல சார். ஆனா பயத்துல சொல்றானோன்னு எனக்கே ஒரு சந்தேகம் வந்துடுச்சு. நீங்க அந்தக் கூடாரத்துல இருந்தவரு, நம்ம ஜில்லாக்காரரு. உங்க வாயால சொல்லுங்க, நான் நம்பறேன்."

ராஜசேகர் இரண்டு தாள் வழக்கத்தை அவருக்கு விளக்கினான். நிதானமாக, புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி விளக்கினான். சொல்லச் சொல்ல அவன் குரல் அவனுக்கே நம்பும்படி இருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் தனித்தனியா போட்டோங்க. ரெண்டு தாள்லயும் ஒரே எண்தான் வந்துச்சு."

அதில் ஒரே ஒரு வார்த்தைதான் பொய்.

நாராயணப்பன் டீயைக் கீழே வைத்தார். படிக்காத மனிதர், ஆனால் மேஜர் வந்து சேர்ந்த இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்துவிட்டார். தப்பு பையனுடையதுதான் என்றார். நாளைக்கு மத்தியானம் கூப்பிடுவான், ஒத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொண்டால் கொஞ்சம் பார்த்துச் செய்வார்களா என்று கேட்டார். செய்வார்கள் என்றான் ராஜசேகர். பெரியவர் எழுந்து இரண்டு கையையும் கூப்பி அவனைக் கும்பிட்டார். பை நிறைய அவரைக்காய் கொண்டு வந்திருந்தார். யானை தின்றதுபோக மிஞ்சியது, வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்து கொடுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனுசன் என்று செல்லி அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி ராஜசேகரைக் கொன்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் அவன் மனைவி காவியா வந்து இறங்கினாள். ஓசூரில் பம்ப்புக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவள் அளவு பார்ப்பவள். அந்த வாரம் முழுக்க இரவு ஷிஃப்ட். வந்தவள் படுக்கவில்லை. செல்லி ஊற வைத்திருந்த அவரைக் கொட்டையைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, தோல் நீங்கப் பிதுக்கிப் பிதுக்கிப் போட்டபடி, தரையில் கிடந்த மகளின் ரஃப் நோட்டைக் காலால் இழுத்தாள். ராஜசேகர் தன் வாக்குமூலத்தை அதில்தான் முதலில் தமிழில் எழுதிப் பார்த்திருந்தான். அவள் அதைப் படித்தாள். விரல் நின்றது.

"ஏங்க, கம்ப்யூட்டர்ல திசை நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு. நீங்க கையால போட்டதும் நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு. உயரமும் அப்படியே. கடைசி எண்ணு வரைக்குமா ஒத்துப்போவும்?"

சில சமயம் ஒத்துப்போகும் என்றான் ராஜசேகர். அவன் எத்தனையோ ஆயிரம் கணக்குப் போட்டிருக்கிறான். பட்டாளக் கணக்கில் ஒரு முழுச் சுற்று ஆறாயிரத்து நானூறு புள்ளி; கையால் போட்டது கம்ப்யூட்டரோடு ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னேதான் வரும். பென்சில் முனையின் தடிமனே ஒரு புள்ளியை விழுங்கிவிடும். ஒன்று அப்படியே ஒத்தால் அதிசயம், இரண்டும் ஒத்தால் நடக்காத காரியம். மேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு தாளும் ஒன்றாக இருந்ததைப் பார்த்ததும் அவருக்கும் நிம்மதி வந்துவிட்டது போலிருக்கிறது.

காவியா சண்டை போடவில்லை. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் கதையைச் சொன்னாள். அவள் லைனில் ஒரு பாகத்தை இரண்டு பேர் அளக்க வேண்டும். முதலில் சரிதா அளந்து எழுதுவாள், பிறகு இவள் அதே பாகத்தை மறுபடி அளந்து எழுத வேண்டும்.

"நெஜமா அளந்தா கடைசி எண்ணு ஒட்டாதுங்க. அவ கை வேற, என் கை வேற. போன தீபாவளி சமயத்துல பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். நிக்க முடியல. நாப்பது பீஸுக்கு அவ எழுதினதையே பார்த்து எழுதிட்டேன். மேனேஜர் பீஸைத் தொடக்கூட இல்ல. தாளை ஒருதரம் பார்த்துட்டு, நீ அளக்கற கேஜை உள்ள விடவே இல்லையேம்மான்னாரு. எல்லார் முன்னாடியும்."

இதை ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொல்லிக்கற மாதிரி விஷயமா அது? நீங்க மட்டும் சொன்னீங்களா?"

ராஜசேகர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தூங்கிவிட்டேன் என்றான். அந்த ஒரு வார்த்தையை ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் சுமந்திருந்தான். சொன்னதும் அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பு இல்லை. நேற்று நாராயணப்பன் வந்ததையும், அவரிடம் சொன்னதையும், அவர் கும்பிட்டதையும் சொன்னான். இன்றைக்கு மத்தியானம் அந்த அப்பனே மகனை ஒத்துக்கொள்ளச் சொல்லப்போகிறார் என்பதைச் சொன்னபோது காவியா தட்டைத் தள்ளி வைத்தாள்.

அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவன் வந்துவிட்டால் இரவு ஷிஃப்டை விட்டுவிடலாம் என்று நாலு மாதத்தை நாள் நாளாகக் கழித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லவும் செய்தாள், மறைக்கவில்லை. சொல்லிவிட்டு எழுந்து அவன் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"போய்ட்டு வந்துடுங்க. பஸ்ஸு இருக்குது."

திருமலையின் போன் அணைந்திருந்தது. நாராயணப்பனின் எண்ணை வாங்கி வைக்கவில்லை. நேற்று அவர் சீக்கிரம் போனால் போதும் என்றுதான் ராஜசேகருக்கு இருந்தது. ரெஜிமெண்டுக்குப் போன் போடலாம், ஆனால் கும்பிட்டுப் போன மனிதரிடம் முதலில் நேரில் சொல்லாமல் அதைச் செய்ய மனம் வரவில்லை. பாகலூரிலிருந்து ஓசூர், அங்கே கால் கடுக்க நின்று தேன்கனிக்கோட்டை பஸ். பாதி வழியில் யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது என்று வனத்துறை ஆட்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கினார்கள். அவனுக்கு அன்றைக்கென்று பார்த்துத் தூக்கம் வரவில்லை. மணியைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

ஊருக்குப் போய் வயலைக் கேட்டு நடந்தபோது ஒன்றே கால். நாராயணப்பன் அவரைக் கொடிக்கு நடுவில், யானை மிதித்துப் போட்ட வேலிக் கல்லின் மேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார். ராஜசேகரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். இந்தா, சாரே வந்திருக்கிறார் என்று போனில் சொன்னார். பையன் ஒத்துக்கொண்டான், மூன்று மணிக்குக் கையெழுத்துப் போடப்போகிறானாம், நீங்களும் ஒரு வார்த்தை தைரியம் சொல்லுங்கள் என்று போனை நீட்டினார்.

ராஜசேகர் வாங்கினான். அன்றைக்கு என்ன எண் சொன்னாய் என்று கேட்டான்.

 திருமலையின் குரல் மெல்ல வந்தது.

"தெரியலண்ணா. சரியாத்தான் சொன்னேன்னு இருந்தேன். எல்லாரும் கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே தெரியல. உங்க தாள்லயே அப்படி வந்திருக்குதுன்னா நான்தான் மாத்திச் சொல்லியிருப்பேன்."

இரண்டு தாளும் சேர்ந்து அவனை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தன.  நாராயணப்பன் எதிரில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படியே சொன்னான்.

"என் தாள்ல இருக்கறது கணக்கு இல்ல திருமலை. நான் தூங்கிட்டேன். நீ சொன்னது என் காதுலயே விழல. அழகர்சாமி திரையைப் பார்த்து எழுதிட்டேன். நீ எதுலயும் கையெழுத்துப் போடாத."

பெரியவரின் முகத்தை அவன் பார்க்கவில்லை. திருமலையைக் கண்ணை மூடச் சொன்னான். குன்றின் மேல் நிற்கிறாய், வரைபடம் முட்டியில் இருக்கிறது, ரேடியோ கையில் இருக்கிறது, எதையும் யோசிக்காதே, அன்றைக்குச் சொன்ன மாதிரி சொல் என்றான்.  மூன்று வருஷப் பழக்கத்தில் ஊறிய அந்த ரேடியோ ராகத்தில், எண் எண்ணாக இழுத்து, "ஃபோர்... செவன்... எயிட்" என்று வந்தது.

ராஜசேகர் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினான். அன்றைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்குச் செய்தான்.

"ஃபோர், செவன், எயிட்."

"சரி," என்றான் திருமலை. 

நாராயணப்பன் போனைத் திரும்ப வாங்கி, கையெழுத்துப் போடாதே, சாப்பிடு என்று மட்டும் மகனிடம் சொல்லி வைத்தார். மறுபடி கல்லின் மேல் உட்கார்ந்தார். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்து ராஜசேகர் நின்றான். அவர் மிதிபட்ட கொடியை எடுத்துப் பார்த்துக்கொண்டே ரொம்பச் சாவதானமாகக் கேட்டார்.

"நேத்து உங்க வீட்டுக்கு வந்து உங்களைக் கும்பிட்டேனே சார். அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

அவர் கொடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து அடுத்த வரிசைக்குப் போனார்.

மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. ராஜசேகர் நாலு அடி தள்ளிப் போய் ரெஜிமெண்ட் அலுவலகத்தைக் கூப்பிட்டான். எடுத்தவன் புதிதாக வந்த கிளார்க், குரல் பழக்கமில்லாதது. ராஜசேகர் தன் நம்பரையும் பெயரையும் சொல்லி, மூன்று மணிக்கு முன்னால் இதை மேஜர் சாப் மேஜையில் வைக்க வேண்டும், எழுதிக்கொள் என்றான். அன்றைய சுடுதலில் கையால் போட வேண்டிய கணக்கு போடப்படவில்லை. ஹவில்தார் ராஜசேகர் தூங்கிவிட்டான். அவன் தாள் கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதியது, அது செல்லாது.

 கிளார்க் வழக்கப்படி, கேட்டதை முதல் வார்த்தையிலிருந்து நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னான். ராஜசேகர் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுவிட்டுச் சரி என்றான்.